எப்போதாவது மட்டும் தவறும் கவுண்டர்: கெர்னலில் செயல்திறன் கவுண்டர் பிழைகளைத் தேடிப் பிடிக்கும் முறை

செயலிக்குள் நடக்கும் நிகழ்வுகளை (ஓடிய கட்டளைகள், சுழற்சிகள் போன்றவற்றை) எண்ணும் செயல்திறன் கவுண்டர் எப்போதும் தவறான எண்ணையே தருமானால் அதைத் திருத்துவது கடினமன்று. ஏதோ ஒரு பிட் தவறாக எழுதப்பட்டிருக்கும். செயலியின் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளில் அகப்பட்டுவிடும். ஆயிரம் முறை சரியாக எண்ணிவிட்டு ஆயிரத்தோராவது முறை பூஜ்யத்தைக் காட்டும் கவுண்டர்தான் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை வாரக்கணக்கில் அலைக்கழிக்கிறது. அத்தகைய பிழையை எந்த வரிசையில் அணுகினால் வீண் உழைப்பு குறையும் என்பதே இங்கே சொல்லப்போவது. எடுத்துக்காட்டுகளை லினக்ஸ் கெர்னலில் இந்தக் கவுண்டர்களை இயக்கும் பெர்ஃப் பகுதியிலிருந்தும், இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் எக்ஸ்86 செயலிகளிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். ஆர்ம் செயலிகளுக்கு மட்டும் உரிய சில செய்திகள் பின்னால் தனியே வரும்.

வழி நெடுக ஒரே ஒரு வேண்டுகோளை நான் திரும்பச் சொல்வேன். பிழை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதை அளந்துகொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள். அந்த வீதம் தெரியாதவரை, நீங்கள் செய்த திருத்தம் பலித்ததா, அல்லது பிழை தற்செயலாக வராமல் இருந்ததா என்பதைப் பிரித்தறிய உங்களிடம் எந்த வழியும் இல்லை.

கவுண்டர் நடக்கும் விதம்

செயலியில் கட்டளைகளைத் தனித்தனியே ஓட்டும் ஒவ்வொரு கோருக்குள்ளும் பிஎம்யு எனப்படும் அளவீட்டுப் பகுதி இருக்கிறது. இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையில், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு த்ரெடுகள் பகிரும் வசதி) இயங்கும்போது, ஒவ்வொரு த்ரெடுக்கும் நாம் விரும்பிய நிகழ்வை எண்ணக்கூடிய 4 கவுண்டர்களும், குறிப்பிட்ட நிகழ்வை மட்டுமே எண்ணும் 3 நிலையான கவுண்டர்களும் உண்டு. ஏஎம்டியின் ஜென் வரிசையில் 6 கவுண்டர்கள் உள்ளன. இவை 48 பிட் அகலம் கொண்டவை. ஆனால் கெர்னல் பயனருக்குக் கொடுப்பதோ 64 பிட் கூட்டுத்தொகை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மென்பொருள்தான் நிரப்புகிறது, நான் பார்த்த எப்போதாவது வரும் பிழைகளில் பாதிக்கு மேல் அந்த நிரப்பும் வேலையில் பிறந்தவை.

பத்தாயிரம் நிகழ்வுக்கு ஒரு மாதிரி (அந்தக் கணத்தில் நிரல் எங்கே ஓடுகிறது என்ற பதிவு) வேண்டுமென்றால், கெர்னல் கவுண்டரில் பூஜ்யத்தை எழுதுவதில்லை. கழித்தல் பத்தாயிரத்தை எழுதுகிறது. அங்கிருந்து ஏறிவரும் கவுண்டர் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் நிரம்பி வழிகிறது. உடனே, எது வழிந்தது என்று காட்டும் நிலை ரெஜிஸ்டரில் அந்தக் கவுண்டருக்குரிய பிட் எழுகிறது. கோரில் இன்டரப்டுகளை (நடக்கும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சைகைகளை) கையாளும் ஏபிக் பகுதி அதை என்எம்ஐ வகை இன்டரப்டாக, அதாவது வழக்கமான இன்டரப்ட் பூட்டால் தடுத்துவைக்க முடியாத ஒன்றாக, கெர்னலுக்குத் தெரிவிக்கிறது. இன்டரப்டைக் கவனிக்கும் குறியீடான கெர்னலின் ஹேண்ட்லர் நிலை ரெஜிஸ்டரைப் படித்து, வழிந்த கவுண்டர் எது என்று கண்டு, கூட்டுத்தொகையைப் புதுப்பித்து, அடுத்த சுற்றுக்கான கழித்தல் எண்ணை எழுதி, நிலைப் பிட்டைத் துடைத்து, இன்டெல் செயலிகளில் ஏபிக்கில் தானாக மூடிக்கொண்ட வழியை மறுபடி திறந்துவிட வேண்டும்.

மாதிரி எடுக்காமல் வெறுமனே எண்ணும்போதும் இதே சங்கிலிதான் ஓடுகிறது; வழிதல் அரிதாக நிகழும் என்பது மட்டுமே வேறுபாடு. எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். கவுண்டரில் 32 பிட் மட்டுமே எழுத முடிகிற பழைய முறையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 214 கோடி நிகழ்வுகள் கிடைக்கும். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோரின் சுழற்சிக் கவுண்டர் அரை விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் வழிந்துவிடும். முழு அகலத்திலும் எழுத முடிகிற செயலியில் அதே கவுண்டர் வழிய ஒன்பதே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே உங்கள் பிழை எப்போதும் பத்து மணி நேர ஓட்டத்தை ஒட்டியே தலைகாட்டுகிறதென்றால், அதை மர்மம் என்று எண்ணாமல் வழிதல் ஹேண்ட்லரை நேராகச் சந்தேகிக்கலாம்.

முதற்படி: அது பிழைதானா?

புதியவர்கள் கொண்டுவரும் புகார்களில் கணிசமானவை வன்பொருளின் இயல்பான நடத்தையாகவே இருக்கின்றன. கேட்ட நிகழ்வுகள் கவுண்டர்களைவிட அதிகமாக இருந்தால், கெர்னல் அவற்றைச் சில மில்லி விநாடிகளுக்கு ஒரு முறை சுழற்சி முறையில் மாற்றி மாற்றி அமர்த்துகிறது. பிறகு நிகழ்வு கேட்கப்பட்டிருந்த மொத்த நேரத்தையும் அது உண்மையில் எண்ணப்பட்ட நேரத்தையும் கொண்டு விகிதக் கணக்கு போட்டு மதிப்பீடு செய்கிறது. பெர்ஃப் ஸ்டாட் கட்டளை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதத்தைக் காட்டினால், அந்த எண் அளவீடு அன்று, மதிப்பீடு. குறுகிய நேரமே ஓடும் நிரலில் இந்த மதிப்பீடு ஓட்டத்துக்கு ஓட்டம் கடுமையாக மாறும். ‘எண்ணப்படவில்லை’ என்ற செய்தியும் இதே குடும்பம்தான்: நிகழ்வுக்கு ஒரு முறைகூடக் கவுண்டர் கிடைக்கவில்லை என்று பொருள். ‘ஆதரவில்லை’ என்ற செய்தி வேறு. அந்த நிகழ்வே இந்தச் செயலியில் இல்லை, அல்லது கெர்னலுக்கு அது தெரியாது.

கெர்னல் உறைந்துபோனதைக் கண்டறியும் என்எம்ஐ வாட்ச்டாக் வசதியும் ஒவ்வொரு கோரிலும் ஒரு கவுண்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவீட்டின்போது அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். 2021இல் வந்த ஆல்டர் லேக் போன்ற கலப்புச் செயலிகளில் பெரிய கோர்களுக்கு ஒரு பிஎம்யு, சிறிய கோர்களுக்கு வேறொரு பிஎம்யு. நிரல் எந்தக் கோரில் ஓடியதோ அதைப் பொறுத்து ஒரு பக்கத்து எண் சில சமயம் காணாமற்போகும். ஒரு குறிப்பிட்ட கோரில் நிரலைக் கட்டிவைத்து ஓட்டினால் இது உடனே தெளிவாகிவிடும்.

எக்ஸ்86 செயலிகளில் பயனர் நிலைக் கட்டளைகளை மட்டும் எண்ணச் சொன்னாலும், ஓட்டத்தின் நடுவே வரும் ஒவ்வொரு வன்பொருள் இன்டரப்டும் ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டும் (நிரல் கேட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாமல் கெர்னலை அழைப்பது) எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிடுவது வழக்கம். பல கோடிக் கட்டளைகளுக்கு நடுவே சில நூறு வேறுபடுவதற்கு இதுவே போதுமான காரணம். அதைத் துரத்த வேண்டாம்.

‘பெர்ஃப் இன்டரப்ட் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, மாதிரி வீதத்தைக் குறைக்கிறேன்’ என்ற பொருளில் கெர்னல் பதிவில் வரும் செய்தியும் பலரை அச்சுறுத்துகிறது. இயல்பு அமைப்பில் விநாடிக்கு 1,00,000 மாதிரிகள் வரை அனுமதி, அதில் செயலி நேரத்தின் 25 சதவீதம் வரை செலவிடலாம். ஒரு மாதிரிக்கு 10 மைக்ரோ விநாடி என்றால் அதன் கால் பங்கு 2,500 நானோ விநாடி. சராசரி அதைத் தாண்டினால் கெர்னல் தானே வீதத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது தற்காப்பு. ஆனால் உங்கள் ஒப்பீட்டின் நடுவில் வீதம் மாறிவிட்டதென்றால், முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்கக்கூடாது.

இரண்டாம் படி: காட்சியைக் கலைக்காமல் பதிவு செய்தல்

மறுபடி இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பிழை நேர்ந்த கணினியிலிருந்து தகவல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் பதிப்பு, அதன் தொடக்கக் கட்டளை வரி, செயலியின் குடும்பம், மாடல், ஸ்டெப்பிங் (மாடலின் திருத்தப் பதிப்பு) எண்கள், மைக்ரோகோட் (செயலிக்குள்ளேயே ஏற்றப்படும் குறியீடு) பதிப்பு, பயாஸ் (கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேர்) பதிப்பு, மெய்நிகர் கணினியா இல்லையா என்பது ஆகியவை கட்டாயம். மைக்ரோகோட் பதிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; அது பெருந்தவறு. 2019இல் ஸ்கைலேக் குடும்பச் செயலிகளுக்கு வந்த ஒரு மைக்ரோகோட், டிஎஸ்எக்ஸ் என்ற நினைவகப் பரிவர்த்தனை வசதி பயன்பாட்டில் இருக்கும்போது நான்காவது கவுண்டரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கெர்னலில் ஒரு வரிகூட மாறாத கணினியில் கவுண்டரின் நடத்தை மாறியது.

கெர்னல் தொடங்கும்போது எழுதிய முதல் சில நூறு வரிகளை முழுமையாகச் சேமியுங்கள். பிஎம்யுவைச் சோதிக்கும்போது கண்ட குறைகளைக் கெர்னல் அங்கேதான் சொல்கிறது: பயாஸ் ஏற்கெனவே ஒரு கவுண்டரை இயக்கிவிட்டிருந்தால் ‘பயாஸ் பிஎம்யு வளங்களைக் கெடுத்துவிட்டது’ என்ற எச்சரிக்கை அங்கே இருக்கும். பிறகு ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை, சோதனைக்கு முன்னும் பின்னும் படியெடுங்கள். அதில் என்எம்ஐ, பிஎம்ஐ என்ற இரண்டு வரிகளையும் கோர் வாரியாக ஒப்பிட்டால், ஒரு கோரில் மட்டும் எண்ணிக்கை நின்றுபோயிருப்பதோ ஒரு கோரில் மட்டும் வெள்ளமாகப் பெருகியிருப்பதோ கண்ணில் படும்.

மூன்றாம் படி: வீதத்தை அளத்தல்

பிழையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு சோதனையை எழுதுங்கள். கட்டளைகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த ஒரு வளையத்தை ஓட்டி, கவுண்டர் தரும் எண் எதிர்பார்த்ததிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் நேரம், கோர், எண் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டு நிற்கச் சொன்னால் போதும். இதைக் குறைந்தது பத்துப் பதினைந்து பிழைகள் சேரும்வரை ஓடவிடுங்கள்.

இந்தப் பொறுமை ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. பிழைகள் ஒன்றையொன்று சாராமல் சராசரியாக மணிக்கு ஒரு முறை வருகின்றன என்று வைத்துக்கொண்டால், எந்த மாற்றமும் செய்யாமலே மூன்று மணி நேரம் பிழை வராமலிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம். ஐந்து மணி நேரம் வராமலிருக்கும் வாய்ப்பு 0.7 சதவீதம். ‘ஒரு மணி நேரம் ஓட்டினேன், வரவில்லை’ என்று சொல்பவரிடம் உள்ள ஆதாரம் மிக மெலிது. அந்த வாய்ப்பு 37 சதவீதம். மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரிக்கும் கிட் பைசெக்ட் முறையில் பழுதான மாற்றத்தைத் தேடும்போது இது இன்னும் கொடியதாகிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்களுக்கு நடுவே தேட 14 படிகள் ஆகும். அவற்றில் ஏழு படிகளில் பிழை உண்மையிலேயே இருக்கிறது என்றும், ஒவ்வொன்றையும் மூன்று மணி நேரமே சோதிக்கிறீர்கள் என்றும் கொண்டால், ஏதேனும் ஒரு படியில் ஏமாந்து முற்றிலும் சம்பந்தமில்லாத மாற்றத்தின்மேல் போய் நிற்பதற்கான வாய்ப்பு 30 சதவீதம். ஒவ்வொரு படிக்கும் ஐந்து மணி நேரம் கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது.

வீதம் மிகக் குறைவாக இருந்தால் அதை உயர்த்த வழி தேடுங்கள்: மாதிரிக் காலத்தைச் சுருக்குவது, பல நிகழ்வுகளை ஒரே நேரத்தில் இயக்குவது, கோர்களை அடிக்கடி அணைத்து எழுப்புவது, நிரலைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பது. வின்சென்ட் வீவர் உருவாக்கிய பெர்ஃப் ஃபஸ்ஸர் கருவி தற்செயலான அமைப்புகளால் பெர்ஃப் பகுதியை அடித்துத் துவைப்பதற்கென்றே எழுதப்பட்டது. கெர்னலின் பல பிழைகள் அதன் வழியே வெளிப்பட்டிருக்கின்றன. நாளுக்கு ஒரு முறை வந்த பிழையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் உயர்த்தியபின் வருவது அதே பிழைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு அடுத்த படி உதவும்.

நான்காம் படி: தவறான எண்ணின் வடிவத்தைப் படித்தல்

தவறான எண் பெரும்பாலும் தன் காரணத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 429 கோடியாக, அதாவது இரண்டின் 32ஆம் அடுக்காக இருந்தால், அல்லது 281 லட்சம் கோடியாக, அதாவது இரண்டின் 48ஆம் அடுக்காக இருந்தால், எங்கோ ஒரு வழிதல் தவறவிடப்பட்டது அல்லது இருமுறை எண்ணப்பட்டது. மாதிரிக் காலத்தின் முழு மடங்காக வேறுபாடு இருந்தால் அதே சந்தேகம் ஹேண்ட்லரின் மறு ஏற்றத்தின்மேல் விழ வேண்டும். எண் 64 பிட்டின் உச்சத்தை ஒட்டி இருந்தால், அது உண்மையில் ஒரு சிறிய கழித்தல் எண். யாரோ புதிய மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழிக்க வேண்டிய வரிசையில் பிசகியிருக்கிறார்கள்.

இந்தப் பிசகு எப்படி நேர்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனெனில் சொந்தமாகக் கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது விழுகிறார்கள். கூட்டுத்தொகையைப் புதுப்பிக்கும் குறியீடு, முன்பு படித்த மதிப்பை நினைவகத்திலிருந்து எடுக்கிறது. பிறகு கவுண்டரைப் படிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே என்எம்ஐ வந்து, அதன் ஹேண்ட்லரும் அதே வேலையைச் செய்து, முன் மதிப்பையும் கவுண்டரையும் மாற்றிவிட்டுப் போனால், திரும்பி வந்த குறியீட்டின் கையில் இருப்பது செத்துப்போன முன் மதிப்பு. இன்டரப்டைப் பூட்டுவது உதவாது, என்எம்ஐ அந்தப் பூட்டை மதிப்பதில்லை. லினக்ஸ் இதற்கு, கவுண்டரைப் படித்தபின் முன் மதிப்பு இன்னும் மாறாமல் இருக்கிறதா என்பதை ஒப்பிட்டு மாற்றும் அணுநிலைக் கட்டளையால் சரிபார்த்து, மாறியிருந்தால் தொடக்கத்திலிருந்து மறுபடி படிக்கிறது. அதன்பின் இரு மதிப்புகளையும் 16 பிட் இடப்புறம் தள்ளிக் கழித்து, விடையை 16 பிட் வலப்புறம் கொண்டுவருகிறது. 48 பிட் எண்ணை 64 பிட் எண்போல் கழித்தால் வரும் தவறு இதனால் நீங்குகிறது.

பயனர் நிலையிலிருந்து கவுண்டரை நேரடியாகப் படிக்கும் நிரல்களிலும் இதற்கு இணையான ஒரு வழுக்கல் உண்டு. கெர்னல் பகிர்ந்து தரும் பக்கத்தில் ஒரு வரிசை எண் இருக்கிறது. படிப்பதற்கு முன்னும் பின்னும் அது மாறவில்லை என்று பார்த்தால்தான் படித்த மதிப்பு செல்லும். இதைச் செய்யாத நிரல், நடுவில் வேறு கோருக்கு மாற்றப்பட்டால், வேறொருவருடைய கவுண்டரைப் படித்துவிடும். கெர்னலைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

பூஜ்யமோ, நடுவில் உறைந்துபோன எண்ணோ வந்தால், கவுண்டர் யாராலோ நிறுத்தப்பட்டிருக்கிறது; அல்லது ஏபிக் வழி மூடியபடியே இருந்துவிட்டது. அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: கவுண்டரின் மற்ற உரிமையாளர்களை விலக்குதல்

கவுண்டர்களை இயக்கும் எம்எஸ்ஆர் (செயலியின் மாடலுக்கு உரிய கட்டுப்பாட்டு) ரெஜிஸ்டர்களுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. கெர்னல் தன்னை ஒரே உரிமையாளர் என்று கருதிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை நான் ஒரு கவுண்டர் உறையும் பிழையைப் பதினொரு நாள் கெர்னல் குறியீட்டுக்குள்ளேயே தேடினேன். கடைசியில், அதே கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கண்காணிப்பு நிரல் குறித்த இடைவெளியில் எம்எஸ்ஆர் சாதனக் கோப்பின் வழியே கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிழைகளுக்கு இடையிலுள்ள நேரத்தை வரைந்து பார்த்திருந்தால் முதல் நாளே அகப்பட்டிருக்கும். பிழை சீரான இடைவெளியில் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு டைமர் இருக்கிறது.

லினக்ஸ் 5.9 முதல், பயனர் நிரல்கள் எம்எஸ்ஆரில் எழுதுவதைத் தொடக்கக் கட்டளை வரியில் ‘எம்எஸ்ஆர் அலவ் ரைட்ஸ்’ அமைப்பை ‘ஆஃப்’ என்று வைத்து முற்றாகத் தடுக்கலாம். தடுத்தபின் பிழை நின்றுவிட்டதென்றால் குற்றவாளி கெர்னலுக்கு வெளியே இருக்கிறார். கெர்னலுக்குள்ளிருந்து நடக்கும் எழுத்துகளைக் காண, எம்எஸ்ஆர் படிப்பு, எழுத்து இரண்டுக்கும் தனித்தனி ட்ரேஸ்பாயின்ட் (கெர்னலுக்குள் வைக்கப்பட்ட பதிவுப் புள்ளி) உண்டு. பதினாறடிமான எண் 186இல் தொடங்கும் நிகழ்வுத் தேர்வு ரெஜிஸ்டர்களை மட்டும் வடிகட்டிக்கொண்டு பாருங்கள்.

ஆனால் ஃபர்ம்வேர் செய்யும் எழுத்துகளை எந்த ட்ரேஸும் காட்டாது. எஸ்எம்ஐ என்ற இன்டரப்ட் வந்தால் செயலி கெர்னலுக்கே தெரியாமல் ஃபர்ம்வேர் குறியீட்டுக்குள் போய்த் திரும்புகிறது. இன்டெல் செயலிகளில் இவை எத்தனை முறை வந்தன என்பதைப் பதினாறடிமான 34ஆம் எண் எம்எஸ்ஆர் எண்ணி வைக்கிறது. டர்போஸ்டாட் கருவி அதை ஒரு பத்தியாகவே காட்டும். பிழை நேரும் ஒவ்வொரு முறையும் இந்த எண் ஏறியிருந்தால் ஐயம் வலுக்கிறது. எஸ்எம்ஐ நடக்கும்போது கவுண்டர்களை உறைய வைக்கும் அமைப்பும் கெர்னலில் இருக்கிறது. அதை மாற்றி வைத்து வீதம் மாறுகிறதா என்று பாருங்கள். மெய்நிகர் கணினியாக இருந்தால், முடிந்தவரை அதே சோதனையை வெறும் வன்பொருளில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அங்கே கவுண்டர் என்பதே இன்னொரு கெர்னல் காட்டும் பிம்பம்.

ஆறாம் படி: என்எம்ஐக்குள் நடப்பதைப் பார்த்தல்

என்எம்ஐ ஹேண்ட்லருக்குள் வழக்கமான அச்சுக் கட்டளைகளைப் போட்டு நிரப்பாதீர்கள். அவை மெதுவானவை, நேரத்தை மாற்றி, பிழை பிறக்கும் இடுக்கையே மூடிவிடும். பூட்டு எடுக்கும் எந்தச் செயற்கூறையும் அங்கிருந்து அழைக்கவும் கூடாது, ஏனெனில் அதே பூட்டைப் பிடித்திருந்த குறியீட்டை என்எம்ஐ இடைமறித்திருந்தால் கணினி அங்கேயே நின்றுவிடும். கெர்னலின் பதிவுக் கருவியான எஃப்ட்ரேஸின் வளைய நினைவகத்தில் எழுதும் ட்ரேஸ் பிரின்ட்கே என்எம்ஐக்குள்ளும் பாதுகாப்பாக ஓடும். நிலை ரெஜிஸ்டரின் மதிப்பு, கவுண்டரின் மதிப்பு, கோர் எண் ஆகிய மூன்றையும் நுழையும்போதும் வெளியேறும்போதும் எழுதி, உங்கள் சோதனை பிழையைக் கண்டவுடன் ட்ரேஸை நிறுத்திவிடுமாறு அமையுங்கள். ட்ரேஸை இயக்கியபின் வீதத்தை மறுபடி அளக்க மறக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் அதுவே நேரப் போட்டி (இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்த பிழை) இருப்பதற்கான நல்ல சான்று.

இங்கே அதிகம் காணப்படும் இரண்டு நோய்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ‘காரணம் தெரியாத என்எம்ஐ’ என்ற செய்தி. அதில் வரும் காரண எண்ணைத் தேடி அலையாதீர்கள். அது பதினாறடிமான 61ஆம் போர்ட்டிலிருந்து படித்த பைட், அதன் மேல் இரண்டு பிட்டுகளைத் தவிர மற்றவை இந்த ஆய்வுக்குப் பயன்படா. உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒரு என்எம்ஐயைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது வரும் அடுத்த என்எம்ஐ ஒன்று மட்டும் காத்திருப்பில் வைக்கப்படும். முதல் ஹேண்ட்லர் இரண்டு கவுண்டர்களின் வழிதலையும் சேர்த்தே கவனித்துவிட்டால், காத்திருந்த இரண்டாவது என்எம்ஐ வந்து பார்க்கும்போது அங்கே வேலை எதுவும் இருக்காது. உரிமை கோர ஆளில்லாததால் அது அநாதையாகிறது. லினக்ஸ் அடுத்தடுத்து வரும் என்எம்ஐகளை அடையாளம் கண்டு இத்தகையவற்றை விழுங்கிவிடும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஏஎம்டி செயலிகளில் கவுண்டரை நிறுத்தியபின்னும் இன்டரப்ட் தாமதித்து வந்து சேர்வதால், 2019இல் 100 மில்லி விநாடி அவகாசத்துக்குள் வரும் பின்தங்கிய என்எம்ஐயைப் பெர்ஃப் தன்னுடையதாக ஏற்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது.

மற்றொன்று, ‘இன்டரப்ட் வளையம் சிக்கிக்கொண்டது’ என்ற எச்சரிக்கை. இன்டெல் ஹேண்ட்லர் நிலை ரெஜிஸ்டரைத் துடைத்தபின் மறுபடி படித்து, புதிய பிட் எழுந்திருந்தால் திரும்பச் சுற்றுகிறது. நூறு சுற்றுக்கு மேல் போனால் பிஎம்யுவை மீட்டமைத்துவிட்டு எச்சரிக்கிறது. மாதிரிக் காலம் மிகச் சிறியதாக இருந்து, ஒரு சுற்றை முடிப்பதற்குள் கவுண்டர் மறுபடி வழிவதே வழக்கமான காரணம். இதற்காகவே சில தலைமுறைகளுக்குக் கெர்னல் குறைந்தபட்சக் காலத்தை விதிக்கிறது. நெஹாலெமுக்கு 32, பிராட்வெல்லில் ஒரு துல்லிய நிகழ்வுக்கு 128.

ஏபிக் வழியைத் திறக்கும் வரிசையும் தலைமுறைக்குத் தலைமுறை வேறு: ஹாஸ்வெல் முதலான பெரிய கோர்களுக்கு லினக்ஸ் அதை ஹேண்ட்லரின் முடிவில் செய்கிறது, அவற்றுக்கு முந்தையவற்றில் தொடக்கத்தில். உங்கள் கெர்னலில் இது மாறியிருந்தால் போலி இன்டரப்டுகள் வரும்.

ஏழாம் படி: பிழைத்திருத்த ஏடுகளைப் படித்தல்

செயலி நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் அறிந்த குறைகளின் ஏட்டை வெளியிடுகின்றன. அதைக் கடைசியில் படிக்காமல் இந்த இடத்திலேயே படித்துவிடுங்கள். ‘கவுண்டர்’ என்ற சொல்லைத் தேடினால் சில பக்கங்களே இருக்கும். சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் தலைமுறைகளின் குறை ஒன்று இதற்கு நல்ல பாடம். ஹைப்பர்த்ரெடிங் இயங்கும்போது, ஒரு த்ரெடில் சில நினைவக நிகழ்வுகளை எண்ணினால், அதே கோரைப் பகிரும் மற்ற த்ரெடின் கவுண்டர் கெட்டுப்போகும். பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தில் எதைத் தேடினாலும் கிடைக்காது, ஏனெனில் அவருடைய எண் கெடுவது பக்கத்துத் த்ரெடில் யார் எதை அளக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2015இல் வந்த லினக்ஸ் 4.1, அத்தகைய நிகழ்வு ஒரு பக்கத்தில் ஓடும்போது மறுபக்கத்தின் அதே கவுண்டரைக் காலியாக வைப்பதன் மூலம் இதைச் சமாளித்தது; தொடங்கும்போது இந்தத் திருத்தம் செயல்படுவதைக் கெர்னல் ஒரு வரியில் சொல்லும். ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தபின் பிழை மறைந்தால் இந்தத் திசையில் தேடுங்கள்.

ஆர்ம் செயலிகளில்

64 பிட் ஆர்ம் செயலிகளின் பிஎம்யுவில் சுழற்சிக் கவுண்டர் 64 பிட். மற்ற நிகழ்வுக் கவுண்டர்கள் பல செயலிகளில் இன்னும் 32 பிட்தான். 2 கிகாஹெர்ட்ஸில் சுழற்சிக்கு ஒன்றாக நிகழும் எதுவும் இரண்டு விநாடிக்குச் சற்று மேல் வழிந்துவிடும், ஆகவே வழிதல் இன்டரப்ட் ஒன்றே ஒன்று தொலைந்தாலும் எண்ணில் 429 கோடி குறையும். அந்த இன்டரப்ட் ஏன் தொலைகிறது என்றால், சில சிப்புகளில் அது கோருக்கு உரிய தனி வழியாக இல்லாமல் பொது வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது. எந்த இன்டரப்ட் எந்தக் கோருக்கு என்ற விவரம், வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் விடுபட்டால் கெர்னல் ஊகிக்கிறது, ஊகிப்பதாகத் தொடக்கப் பதிவில் சொல்லவும் செய்கிறது. அந்த வரியைக் கண்டால் வேறெதையும் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். மாதிரிகள் எல்லாம் இன்டரப்டைத் திறக்கும் ஒரே இடத்தில் குவிவது வேறு விஷயம்: அங்கே பிஎம்யு இன்டரப்ட் இயல்பாகத் தடுக்கப்படக்கூடியது என்பதால் அப்படி ஆகிறது, போலி என்எம்ஐ வசதியை இயக்கினால் சரியாகும்.

எட்டாம் படி: இடுக்கைச் சுருக்குதலும் திருத்தத்தை நிறுவுதலும்

இதுவரை காரணம் அகப்படவில்லையென்றால், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றி வீதத்தை மறுபடி அளந்துகொண்டே வாருங்கள். நிரலை ஒரே கோரில் கட்டுவது, ஹைப்பர்த்ரெடிங்கை அணைப்பது, கோர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போவதைத் தடுப்பது, நிகழ்வுகளை ஒன்றாகக் குறைப்பது, வாட்ச்டாக்கை நிறுத்துவது என்ற வரிசையையே நான் பின்பற்றுகிறேன், ஏனெனில் இவை ஒவ்வொன்றும் காரணங்களின் ஒரு முழுக் குடும்பத்தையே விலக்குகின்றன. பழைய கெர்னலில் பிழை இல்லை என்று வீதக் கணக்கால் உறுதிப்பட்டால் மட்டுமே பைசெக்டுக்குச் செல்லுங்கள்.

திருத்தம் எழுதியபின் அது பலித்தது என்று காட்ட எளிய அளவுகோல் உண்டு: பிழை சராசரியாக வரும் இடைவெளியைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு நேரம், அதே கணினியில், அதே மைக்ரோகோடில், பிழையில்லாமல் ஓட வேண்டும். பிறகு திருத்தத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை பழைய வீதத்தில் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் தவிர்க்கிறார்கள், ஆனால் இதற்கிடையில் மாறிவிட்ட ஏதோ ஒன்று, ஒரு பயாஸ் புதுப்பிப்போ நின்றுபோன ஒரு கண்காணிப்பு நிரலோ, உங்கள் திருத்தத்துக்குப் பெயர் வாங்கித் தருவதைத் தடுக்க வேறு வழி இல்லை. திருத்தத்தோடு அனுப்பும் விளக்கத்தில் முன் வீதம், பின் ஓட்ட நேரம், செயலியின் மாடல், ஸ்டெப்பிங், மைக்ரோகோட் எண்கள், பிழை நேர்ந்த கணத்தின் நிலை ரெஜிஸ்டர் மதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். சோதனை நிரலையும் உடன் இணையுங்கள்.